படத்தின் பின்பக்கத்தில் எழுதுவது

எங்கள் வீட்டுப் பெட்டியில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருக்கிறது. படிக்கட்டில் நான்கு பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். திருப்பிப் பார்த்தால் பென்சிலில் ஒரு வரி: ‘நாங்கள் நால்வரும், பரீட்சை முடிந்த அன்று.’ எழுதியவர் அந்த நால்வரில் ஒருவர். அவருக்கு அதற்குமேல் தேவைப்பட்டிருக்காது. இன்று பார்க்கிற எனக்கு ‘நாங்கள்’ என்பதில் முக்கால்வாசிதான் தெரியும். மூன்று முகங்களை அடையாளம் காண முடிகிறது, ஓரத்தில் இருப்பவர் யாரென்று தெரியவில்லை.

அந்த ஒரு வரியும் இல்லாவிட்டால் இவ்வளவுகூடத் தெரிந்திருக்காது. எழுத்தும் படமும் ஒரே தாளில் இருப்பதால்தான் அது என் கைவரை வந்து சேர்ந்தது. பெட்டி மாறினாலும் வீடு மாறினாலும் படம் போகிற இடத்துக்கு வரியும் போகும். டிஜிட்டல் படங்களுக்கு வரும்போது இதைத்தான் நாம் கோட்டைவிடுகிறோம். நாம் எழுதாமல் இல்லை. செயலிகளில் தலைப்பு போடுகிறோம், முகத்துக்குப் பெயர் கொடுக்கிறோம், டேக் (குறிச்சொல்) போடுகிறோம். அந்த எழுத்து எங்கே போய் உட்காருகிறது என்று மட்டும் கேட்பதில்லை.

டிஜிட்டல் படத்துக்கும் பின்பக்கம் உண்டு. ஜேபெக் (JPEG) என்பது டிஜிட்டல் படங்களைச் சேமிக்கும் பரவலான கோப்பு வகை. அதை ஒரு ரயில் மாதிரி நினைத்துக்கொள்ளலாம். நாம் திரையில் பார்க்கிற படம் பின்னால் வரும் நீளமான பெட்டிகளில் இருக்கிறது. அதற்கு முன்னால் எழுத்துக்காகவே சில பெட்டிகளைக் கோத்துக்கொள்ள இடம் விட்டிருக்கிறார்கள். ஒரு பெட்டியில் ஏறக்குறைய 64 கிலோபைட் வரை அடைக்கலாம். படக்குறிப்பு, குறிச்சொற்கள், எடுத்தவர் பெயர், உரிமைக் குறிப்பு, இடம், தேதி எல்லாம் அங்கே போகும். இதை மாற்றி எழுதுவதால் படத்தின் தரம் குறையாது. ஒழுங்கான மென்பொருள் எழுத்துப் பெட்டிகளை மட்டும் மாற்றும், படம் இருக்கும் பெட்டிகளைத் தொடாது. படத்தையே திருத்திச் சேமிப்பது வேறு, இது வேறு.

சிக்கல் என்னவென்றால், இந்த எழுத்துப் பெட்டிகளை மூன்று தரப்பினர் மூன்று காலத்தில் வடிவமைத்தார்கள். கேமரா தயாரிப்பாளர்களுக்காக 1995-ல் ஜப்பானில் உருவானது எக்ஸிஃப். ஷட்டர் வேகம், துவாரம், லென்ஸ், எடுத்த நேரம், ஜிபிஎஸ் எல்லாம் இதில்தான். படம் எடுக்கும் நொடியிலேயே கேமராவோ போனோ இதை நிரப்பிவிடும்.

இரண்டாவது செய்தித்துறையிலிருந்து வந்தது. ஐபிடிசி என்பது 1965-ல் தொடங்கிய பன்னாட்டுச் செய்தி நிறுவனங்களின் கூட்டமைப்பு. ஒரு நிறுவனம் அனுப்பும் படத்தில் யார் இருக்கிறார்கள், எங்கே எடுத்தது, யார் எடுத்தார்கள் என்பது மறுமுனையில் இருப்பவருக்கு உடனே தெரிந்தாக வேண்டும். அந்தத் தேவைக்காக 1990-களின் தொடக்கத்தில் ஒரு கட்டமைப்பை வகுத்தார்கள். படக்குறிப்புக்கு ஓர் இடம், குறிச்சொல்லுக்கு ஓர் இடம், ஊருக்கு ஓர் இடம் என்று எண் போட்டுப் பிரித்தார்கள். 1990-களின் நடுவில் அடோபி அதில் ஒரு பகுதியை ஃபோட்டோஷாப்புக்குள் கொண்டுவந்ததும் பத்திரிகை மேசைகளில் அது பழக்கமாகிவிட்டது.

மூன்றாவது எக்ஸ்எம்பி. அடோபி 2001-ல் கொண்டுவந்தது, 2012-ல் ஐஎஸ்ஓ என்ற பன்னாட்டுத் தரநிலை அமைப்பின் தரமாகவும் ஆனது. ஐபிடிசி வகுத்த புலங்களை, அதாவது படக்குறிப்பு, ஊர் என்று பிரித்த இடங்களை, புதிய முறையில் எழுதிவைக்கும் உறை என்று இதைச் சொல்லலாம். இன்று ‘ஐபிடிசி விவரம்’ என்று மென்பொருள்கள் காட்டுவது பெரும்பாலும் இந்த உறைக்குள் இருப்பதுதான்.

ஆக, ஒரே படக்குறிப்பு ஒரே கோப்பில் மூன்று இடங்களில் இருக்க முடியும். ஒரு மென்பொருள் ஓர் இடத்தில் மட்டும் எழுதினால், இன்னொன்று வேறு இடத்தைப் பார்த்துவிட்டு ‘குறிப்பு எதுவும் இல்லை’ என்று சொல்லும். சில கேமராக்கள் எக்ஸிஃபின் விளக்கப் பகுதியில் தங்கள் தயாரிப்பாளர் பெயரையே நிரப்பி அனுப்பும். அப்புறம் நீங்கள் பார்த்துப் பார்த்து எழுதிய வரி தெரிய வேண்டிய இடத்தில் கேமராவின் பெயர் வந்து நிற்கும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 2006-ல் அடோபி, ஆப்பிள், கேனான், மைக்ரோசாஃப்ட், நோக்கியா, சோனி எல்லாம் ஒரு பணிக்குழுவாகச் சேர்ந்தன. மூன்றும் முரண்பட்டால் எதை நம்புவது, எழுதும்போது எப்படி மூன்றையும் ஒத்துப்போகச் செய்வது என்று வழிமுறை வகுத்தன. நல்ல மென்பொருள்கள் அதைப் பின்பற்றுகின்றன. எல்லாம் பின்பற்றுகின்றன என்று சொல்ல முடியாது.

தமிழில் குறிப்பு எழுதுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இதை யாரும் நமக்கு எடுத்துச் சொல்வதில்லை. பழைய ஐபிடிசி கட்டமைப்பு இடத்தை எழுத்தால் அளக்கவில்லை, கணினி தரவை எண்ணும் அலகான பைட்டால் அளந்தது. ஒரு குறிச்சொல்லுக்கு 64 பைட், படக்குறிப்புக்கு 2000 பைட், எடுத்தவர் பெயருக்கு 32 பைட். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோடு குறியீடுகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட் வேண்டும். அதிலும் ‘கு’ என்று நாம் ஒன்றாக எண்ணுவது கணினிக்கு இரண்டு: ‘க’ ஒன்று, உகரக் குறி ஒன்று. புள்ளியும் தனிக் கணக்குதான். ‘ம்’ எழுதினால் ஆறு பைட் போய்விடும்.

செய்து பார்த்தால் புரியும். ‘பள்ளி ஆண்டு விழா நாடக ஒத்திகை’ என்று ஒரு குறிச்சொல் போடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். 25 தமிழ்க் குறியீடுகள், நான்கு இடைவெளிகள், மொத்தம் 79 பைட். பழைய பெட்டியில் 64-தான் கொள்ளும். வரம்பை அப்படியே கடைப்பிடிக்கும் மென்பொருள் அதை ‘பள்ளி ஆண்டு விழா நாடக ஒத’ என்று வெட்டி வைக்கும். ‘த்’ மேலிருந்த புள்ளிகூட மிஞ்சாது. எடுத்தவர் பெயருக்கான 32 பைட்டில் பத்துத் தமிழ்க் குறியீடுகள்தான் அடங்கும். தலைப்பெழுத்தோடு கொஞ்சம் நீளமான பெயர் என்றால் வால் போய்விடும். படக்குறிப்பு பரவாயில்லை, 2000 பைட்டில் அறுபது எழுபது சொற்கள் எழுதலாம்.

எக்ஸ்எம்பியில் இந்தக் கெடுபிடி இல்லை. அது தொடக்கத்திலிருந்தே யூனிகோடு. ஒரே படக்குறிப்பைத் தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று என்று மொழி அடையாளத்தோடு தனித்தனியாக வைத்துக்கொள்ளவும் அதில் வழி இருக்கிறது. எக்ஸிஃபின் விளக்கப் பகுதியோ நெடுங்காலம் அடிப்படை ஆங்கில எழுத்துகளுக்கு மட்டுமே என்று வரையறுக்கப்பட்டிருந்தது. 2023-ல் வந்த 3.0 பதிப்பில்தான் யூடிஎஃப்-8 எழுத அதிகாரபூர்வமாக இடம் கிடைத்தது. அதனால் தமிழில் எழுதுபவர்கள் எக்ஸ்எம்பியில் எழுதும் மென்பொருளையே தேர்ந்தெடுங்கள் என்பேன். பழைய ஐபிடிசியிலும் சேர்த்து எழுதினால் நல்லது, ஆனால் குறிச்சொற்களைச் சின்னதாக வைத்துக்கொள்ளுங்கள். ‘நாடகம்’ ஒன்று, ‘ஒத்திகை’ ஒன்று, ‘ஆண்டு விழா’ ஒன்று என்று பிரித்துப் போட்டால் வரம்பும் மீறாது, தேடவும் எளிது.

தேடலில் இன்னொரு கண்ணி இருக்கிறது. ‘கொடி’ என்ற சொல்லில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டையும் சமப்படுத்தாத தேடுபொறிக்கு வேறு வேறு சொல். ‘கௌ’ என்பதைக் கொம்பும் ளகரமும் போட்டு ‘கெள’ என்று தட்டுபவர்களும் உண்டு. இது சரியான எழுத்தே இல்லை, எந்தத் தேடலிலும் ஒத்துவராது. ஒரே விசைப்பலகையில் தொடர்ந்து தட்டுவதும், ஏற்கெனவே உள்ள பட்டியலிலிருந்து குறிச்சொல்லைத் தேர்ந்தெடுப்பதும் இதற்கு நல்ல காப்பு. குறிச்சொல்லில் வேற்றுமை உருபும் வேண்டாம். ‘கடலில்’, ‘கடலோடு’ என்றெல்லாம் போகாமல் ‘கடல்’ என்றே நிற்கட்டும்.

இனி முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். எழுதியது எங்கே உட்காருகிறது? பெரும்பாலான ஆல்பம் மென்பொருள்கள் நீங்கள் எழுதுவதை முதலில் தங்கள் தரவுத்தளத்தில்தான் சேமிக்கின்றன. வேகமாகத் தேட அது தேவை, தப்பில்லை. ஆனால் கோப்புக்குள்ளும் எழுதுகிறதா என்பதுதான் முக்கியம். பல வருடங்களுக்கு முன்னால் நான் ஒரு மென்பொருளில் இரண்டாயிரம் படங்களுக்குமேல் குறிப்பு எழுதினேன். கணினி மாற்றியபோது படக் கோப்புறையை மட்டும் நகலெடுத்துக்கொண்டு பழையதை அழித்துவிட்டேன். எல்லாப் படமும் வந்தது, ஒரு வரிகூட வரவில்லை. குறிப்புகள் வேறொரு கோப்புறையில், அந்த மென்பொருளுக்கு மட்டுமே புரிகிற ஒரு கோப்பில் இருந்திருக்கின்றன. அந்த இழப்பு இன்னும் உறுத்துகிறது. சிலவற்றைத் திரும்ப எழுத முடியவில்லை, சொல்ல வேண்டியவர்கள் இப்போது இல்லை.

பிக்காசா என்ற பழைய ஆல்பம் மென்பொருள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2016-ல் கூகுள் அதை நிறுத்தியது. அதில் ஜேபெக் படங்களுக்கு எழுதிய தலைப்புகள் கோப்புக்குள்ளேயே ஐபிடிசி பகுதியில் போய் உட்கார்ந்தன. இன்றும் எந்த மென்பொருளில் திறந்தாலும் படிக்கலாம். முகங்களுக்குக் கொடுத்த பெயர்களோ வழக்கமான அமைப்பில் தனிக் கோப்புகளில் இருந்தன. அந்தக் கோப்புகளைக் குப்பை என்று நினைத்து அழித்தவர்களுக்குப் பெயர்களும் போயின. ஒரே மென்பொருள், ஒரே உழைப்பு, ஒரு பாதி தப்பியது, ஒரு பாதி தொலைந்தது.

இப்போதுள்ளவையும் அப்படித்தான் பலவிதம். அடோபியின் லைட்ரூம் கிளாசிக் மென்பொருள் குறிப்புகளைத் தன் கேட்டலாகில் (தரவுத்தளத்தில்) வைத்துக்கொள்கிறது. மெட்டாடேட்டாவை, அதாவது இந்தக் குறிப்புகளை, கோப்பில் எழுது என்று நாம் தனியாகச் சொல்ல வேண்டும், அல்லது தானாக எழுதும் அமைப்பை இயக்கிவிட வேண்டும். ஆப்பிள் ஃபோட்டோஸ் தன் நூலகத்தில் வைத்திருக்கும். ஏற்றுமதி செய்யும்போது தலைப்பு, குறிச்சொல், குறிப்பு ஆகியவற்றைச் சேர்க்கச் சொல்லும் கட்டத்தில் டிக் போட்டால்தான் கோப்போடு வரும். கூகுள் ஃபோட்டோஸில் எழுதும் விளக்கம், கூகுளின் டேக்அவுட் சேவை வழியாகப் படங்களை மொத்தமாக இறக்கும்போது பக்கத்தில் ஜேசான் என்ற தனி எழுத்துக் கோப்பாக வந்து நிற்கும். டிஜிகாம் என்ற ஆல்பம் மென்பொருள் இலவசம், கோப்பில் எழுதுவதா வேண்டாமா என்று அமைப்பில் தெளிவாகக் கேட்கிறது. விண்டோஸில் ஜேபெக் படத்தை வலது சொடுக்கி, பிராப்பர்ட்டீஸில் டீடெய்ல்ஸ் பக்கம் போய் டேக் எழுதினாலே அது கோப்புக்குள் போய்விடும். பத்துப் பதினைந்து படம் என்றால் அதுவே போதும்.

எதை நம்புவது என்று குழம்ப வேண்டாம். ஒரே ஒரு படத்தில் குறிப்பும் இரண்டு டேகும் எழுதுங்கள். கோப்பை வேறு கணினிக்கு நகலெடுங்கள். அங்கே வேறொரு மென்பொருளில் திறந்து பாருங்கள். எழுதியது தெரிந்தால் சரி, தெரியவில்லை என்றால் ஆயிரம் படத்துக்கு எழுதுவதற்கு முன் அமைப்பைத் தேடிப் பிடியுங்கள். கோப்பின் உள்ளே என்ன இருக்கிறது என்று எந்த மறைவும் இல்லாமல் காட்டுவது எக்ஸிஃப்டூல். பில் ஹார்வி என்பவர் 2003-லிருந்து இலவசமாகத் தந்து பராமரித்து வரும் நிரல் இது. கட்டளை வரியில் இயங்குவது, அதனால் பலர் பயப்படுவார்கள். ஆனால் மூன்று பெட்டிகளையும் பிரித்துக் காட்டும், ஒரு கோப்புறை முழுவதற்கும் ஒரே வரியில் குறிச்சொல் சேர்க்கும், மாற்றுவதற்கு முன் அசல் கோப்பைத் தானே பத்திரப்படுத்தியும் வைக்கும். படங்களைப் பாதுகாக்க நினைக்கும் எல்லோரும் இந்த மனிதருக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

கேமரா பதிந்த தரவை அப்படியே வைத்திருக்கும் ரா (raw) கோப்புகளில் பல மென்பொருள்கள் கைவைப்பதில்லை, அது சரியான எச்சரிக்கைதான். அதே பெயரில் பக்கத்திலேயே ஒரு எக்ஸ்எம்பி கோப்பை உருவாக்கி அதில் எழுதும். படத்தை நகர்த்தும்போது அதையும் சேர்த்து நகர்த்த வேண்டும், அவ்வளவே. கோப்புக்குள் எழுதினால் கோப்பு மாறிவிட்டது என்று காப்புநகல் எடுக்கும் மென்பொருள் முழுப் படத்தையும் மறுபடி ஏற்றும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன எழுதுவது? இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். கடல், நாய், சிவப்பு கார், கேக் என்பதையெல்லாம் இன்று போனே கண்டுபிடித்துத் தந்துவிடுகிறது. அந்தச் சொற்களை உட்கார்ந்து தட்டுவது வீண் வேலை என்றுகூடச் சொல்வேன். படத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாததை எழுதுங்கள். யார், எதற்காகக் கூடினார்கள், யார் எடுத்தது, சட்டகத்துக்கு வெளியே என்ன நடந்தது.

பெயர்களை இடமிருந்து வலமாக, முழுப் பெயராக எழுதுங்கள். ‘அம்மா, பெரியத்தை, தாத்தா’ என்று எழுதுவது நமக்கு இயல்பு. ஆனால் அந்தக் கோப்பு உங்கள் மகள் கையில் இருக்கும்போது ‘அம்மா’ என்றால் அவளுடைய அம்மாவா, உங்களுடைய அம்மாவா? அடுத்த தலைமுறையில் ‘பெரியத்தை’ வேறு ஆளாகிவிடுவார். உறவுமுறை எழுதுகிறவரை நடுவில் வைத்துச் சுழல்கிறது, கோப்போ அவரை விட்டுவிட்டுப் பயணம் போகிறது. உறவை எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை. பெயரை எழுதி, யாருக்கு என்ன உறவு என்றும் எழுதிவிடுங்கள். படிக்கட்டுப் படத்தின் ‘நாங்கள்’ எனக்குக் கற்றுத்தந்தது இதுதான்.

ஸ்கேன் செய்த படங்களுக்குத் தேதி ஒரு தனித் தலைவலி. ஸ்கேனர் போடும் தேதி ஸ்கேன் செய்த நாள். அப்படியே விட்டால் பாட்டியின் இளமைக்காலப் படம் போன வருடத்துப் படங்களோடு போய் வரிசையில் நிற்கும். எக்ஸிஃபில் ‘எடுத்த நேரம்’, ‘டிஜிட்டல் ஆக்கிய நேரம்’ என்று இரண்டு புலங்கள் இருக்கின்றன. முதலாவதைத் திருத்தி, இரண்டாவதை அப்படியே விடுங்கள். நாள் தெரியாது, ஆண்டு மட்டும்தான் தெரியும் என்றால் எக்ஸ்எம்பி ஆண்டை மட்டுமே ஏற்றுக்கொள்ளும், ஆண்டும் மாதமும் என்றாலும் சரி. பல மென்பொருள்கள் முழுத் தேதிதான் வேண்டும் என்று அடம்பிடித்து ஜனவரி 1 என்று நிரப்பும். அப்படி நேர்ந்தால் ‘ஆண்டு மட்டும் உறுதி’ என்று குறிப்பில் ஒரு சொல் எழுதிவிடுங்கள். இல்லையென்றால் யாரோ ஒருநாள் அதைப் புத்தாண்டுக் கொண்டாட்டம் என்று எடுத்துக்கொள்வார்கள். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்து வையுங்கள். கையெழுத்தும் ஒரு சாட்சி.

2021-ல் ஐபிடிசி இன்னொரு புலத்தையும் சேர்த்தது. பார்வையற்றவர்களுக்குத் திரைவாசிப்பான் படித்துக்காட்டும் மாற்று உரைக்கான இடம் அது. படக்குறிப்பும் அதுவும் ஒன்றில்லை. ‘பரீட்சை முடிந்த அன்று’ என்பது படக்குறிப்பு. ‘படிக்கட்டில் நான்கு இளம்பெண்கள் சிரித்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள்’ என்பது மாற்று உரை. இணையத்தில் படம் போடுகிறவர்கள் இதையும் நிரப்பினால் நல்லது.

கோப்பில் எழுதியது கோப்போடு போகும் என்பதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. 2012 டிசம்பரில் தலைமறைவாக இருந்த, வைரஸ் தடுப்பு மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கிய ஜான் மெக்காஃபியுடன் எடுத்த ஒரு படத்தை ஒரு பத்திரிகை வெளியிட்டது. அதில் ஒட்டியிருந்த ஜிபிஎஸ் விவரத்தை வைத்து அவர் குவாத்தமாலாவில் இருப்பது தெரிந்துபோனது. நம் வீட்டுக் குழந்தையின் முழுப் பெயரும் வீடு இருக்கும் இடமும் ஒரே கோப்பில் இருந்தால், அந்தக் கோப்பை யாருக்கு அனுப்புகிறோம் என்று யோசிக்கத்தான் வேண்டும். வெளியே அனுப்ப ஒரு நகல் எடுத்து, அதில் இடத்தை மட்டும் நீக்கிவிடலாம். அசல் முழுமையாக வீட்டில் இருக்கட்டும்.

நேர்மாறான சிக்கலும் உண்டு. பல சமூக ஊடகங்கள் படத்தை ஏற்றும்போது இந்தப் பெட்டிகளைக் கழற்றிவிடுகின்றன. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் குறிப்பு போய்விடும், டாக்குமெண்டாக அனுப்பினால் கோப்பு அப்படியே போகும். குடும்பத்துக்குள் பழைய படங்களைப் பகிரும்போது இதைப் பழக்கமாக்கிக்கொள்வது நல்லது. படம் எடுப்பதையே தொழிலாகக் கொண்டவர்களுக்குப் பெயரும் உரிமைக் குறிப்பும் கழன்றுபோவது வயிற்றுப்பாட்டுப் பிரச்சினை. உரிமைத் தகவலை அனுமதியில்லாமல் தெரிந்தே நீக்குவதற்கு எதிராக நாடுகள் சட்டம் வைத்திருக்க வேண்டும் என்று 1996-ன் உலக அறிவுசார் சொத்து அமைப்பின் பதிப்புரிமை ஒப்பந்தம் சொல்கிறது. கூகுளின் படத் தேடல் 2018-லிருந்து எடுத்தவர் பெயரைக் கோப்பிலிருந்தே படித்துக் காட்டுகிறது. கோப்பில் இருந்தால்தானே காட்டும்.

படிக்கட்டுப் படத்தைப் போன மாதம் ஸ்கேன் செய்து, பெரிதாக்கி, பெரியம்மாவுக்கு அனுப்பிவிட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டேன். ஓரத்தில் இருப்பவரின் பெயரைக் கேட்ட உடனே சொன்னார். அந்த வருடம் மட்டும் கூடப் படித்தவர், அப்புறம் வேறு ஊர் போய்விட்டார். படம் எடுத்தது அவருடைய அண்ணன். அது கடன் வாங்கிய கேமரா, சுருளில் மிச்சம் இருந்த கடைசிப் படம். அவர் பேசப் பேசவே தட்டினேன்: நான்கு முழுப் பெயர்கள், இடமிருந்து வலமாக, எடுத்தவர் பெயர், கடன் வாங்கிய கேமரா. சேமித்து, கோப்பை இன்னொரு கணினிக்கு மாற்றி, வேறொரு மென்பொருளில் திறந்தேன். நான்கு பெயரும் இருந்தன.